இரண்டு தும்புத்தடியும் ஒரு வேலையும்

விஞ்ஞான ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறீர்களா? உங்கள் கையில் ஒரு ஃபைல் இருக்கிறது. வரிசையில் நிற்கும் எல்லாருடைய கையிலும் அதே மாதிரி ஒரு ஃபைல் இருக்கிறது. டிகிரி, டிப்ளோமா, கம்பியூட்டர் கோர்ஸ், விளையாட்டுச் சான்றிதழ். போர்டில் இருப்பவர்கள் காலையிலிருந்து இதையே புரட்டிக் களைத்துப்போயிருப்பார்கள். செயன்முறைப் பரீட்சைக்கு உங்கள் முறை வரும்போது அந்த மேசையில் இரண்டு தும்புத்தடியையும் ஆறு மீற்றர் நைலோன் கயிற்றையும் எடுத்து வையுங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள்.

தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு எளிய பொறிகளைக் கையால் செய்ய வைத்துப் படிப்பிப்பது எப்படி, அதை உங்கள் கரியருக்கு எப்படித் திருப்பிக்கொள்வது என்பதுதான் இங்கே விஷயம். நெம்பு, கப்பி, சாய்தளம், சில்லும் அச்சாணியும், ஆப்பு, திருகு: ஆறே ஆறு. எல்லாருக்கும் தெரிந்த பாடம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். தெரியாத பாடத்தில் கெட்டிக்காரராகத் தெரிவது சுலபம். தெரிந்த பாடத்தில்தான் ஆள் வித்தியாசம் தெரியும்.

களத்துக்கு மன்னார்த் தீவின் தென்கரையில் உள்ள தாழ்வுபாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே நியமனம் கிடைத்தால் பலருக்கு முகம் வாடும். கஷ்டப் பிரதேச சேவை, எத்தனை வருடத்தில் ட்ரான்ஸ்பர், வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. அந்த வருடங்களை எண்ணிக் கழிக்கலாம், அல்லது சிவியில் ஏற்றலாம். நீங்கள் ஏற்றுகிற ஆள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதல் கிழமை படிப்பிக்காதீர்கள், பாருங்கள்

பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் கரைக்குப் போங்கள். ஊரின் பெயரிலேயே பாடு இருக்கிறது. கரைவலை வளைக்க ஒவ்வொருவருக்கும் உரித்தான கரைத் துண்டைத்தான் கரையோரத்தார் பாடு என்பார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு கோஷ்டி இழுப்பதைப் பாருங்கள். தோள் தோளாகச் சாய்ந்து, எல்லாரும் ஒரே கணத்தில் பின்னுக்குப் போகிறார்கள். பழையவர்கள் அதற்கு அம்பாப் பாடுவார்கள். விசைகள் ஒரே திசையில், ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் பயன் என்பதை அந்தப் பாட்டின் தாளத்தை விட நன்றாகச் சொல்லித்தர எந்த ஸ்லைடாலும் முடியாது.

பிறகு கொப்பியை எடுத்து லிஸ்ட் போடுங்கள். கண்ணாடியிழைப் போட்டைக் கரையேற்றும்போது அடியில் உருளும் மரக்கட்டை. ஐஸ் பெட்டியை லான்ட்மாஸ்ரரில் ஏற்றச் சாய்த்து வைத்த பலகை. மீன் வெட்டும் கத்தி, அது ஆப்பு. தண்ணீர் அள்ளும் கிணற்றுக் கப்பி. வீட்டுக்குள் போனால் கைபிடி சுற்றும் தேங்காய்த் திருவலை, அது சில்லும் அச்சாணியும். பாட்டி மடியில் வைத்திருக்கும் பாக்குவெட்டி இரண்டாம் வகை நெம்பு. ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் கை, நடுவில் பாக்கு.

இந்த லிஸ்டுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் "லோக்கல் ரிசோர்ஸ் மாப்பிங் செய்தேன்" என்று நேர்முகத்தில் சொல்லலாம். பொய்யும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் கரைவலையை டிராக்டரில் பூட்டிய வின்சால் இழுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று வடக்குக் கரையோரங்களில் கடும் சண்டை உண்டு. சில்லும் அச்சாணியும் படிப்பிக்க அது அருமையான உதாரணம்தான். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் வின்ஸ் வைத்திருப்பார், இன்னொரு பிள்ளையின் தகப்பனுக்கு அதனால் இழுவைக் கூலி போயிருக்கும். பொறியைப் படிப்பியுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். இழுபடும் கயிற்றுக்குக் கிட்டப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். அறுந்தால் சவுக்குப் போல வரும்.

2. கணக்குப் பிழைக்கும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அடிவாங்கிய இடம் இது.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு டெமோ வகுப்பு. பின்வாங்கில் மூன்று அதிகாரிகள். ஒரு மீற்றர் நீளப் பனஞ்சலாகை, அதன் ஒரு முனையிலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒரு கல்லைத் தாங்கலாக வைத்தேன். கிட்டிய முனையில் 4 கிலோ மணல் பை. தூர முனை தாங்கலிலிருந்து 80 சென்ரிமீற்றர். "நாலு மடங்கு தூரம், ஆகவே கால்வாசி எத்தனம் போதும். சரியாக ஒரு கிலோவில் தூக்கும், பாருங்கள்" என்று கையை வீசிச் சொல்லிவிட்டு, அந்த முனையில் தொங்கிய போத்தலுக்குள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன்.

போத்தலோடு சேர்த்து 800 கிராமைச் சற்றுத் தாண்டியதுமே பை மேலே எழும்பிவிட்டது.

பின்வாங்கிலிருந்து ஒரு குரல். "ஏன் தம்பி, கணக்கு ஒரு கிலோ அல்லவா?"

நான் சொன்ன பதில்: "உராய்வு, சேர்."

அறையே அமைதி. உராய்வு இருந்தால் எத்தனம் கூடத்தான் வேண்டும், குறையாது. தரம் 9 பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வாயிலிருந்து வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது.

உண்மைக் காரணம் சலாகையின் சொந்த நிறை. அது அரைக் கிலோ இருந்தது. அதன் நடுப்புள்ளி தாங்கலிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, எத்தனத்தின் பக்கம் கிடந்தது. நான் கேட்காமலே அது எனக்கு உதவி செய்துகொண்டிருந்தது. போட்டுப் பாருங்கள்: சுமையின் பக்கம் 4 × 20 = 80. சலாகையின் பங்கு 0.5 × 30 = 15. மிச்சம் 65. அதை 80ஆல் பிரித்தால் 0.81 கிலோ. தண்ணீர் பொய் சொல்லவில்லை.

இன்றைக்கு அதே டெமோவை வேறு மாதிரிச் செய்கிறேன். முதலில் பிழைக்க விடுவேன். பிள்ளைகள் ஒரு கிலோ என்று கொப்பியில் எழுதட்டும், 800இல் எழும்பட்டும், சத்தம் போடட்டும். பிறகு "யார் ஒளிந்திருந்து தள்ளியது?" என்று கேட்பேன். காற்று என்பார்கள், பேய் என்பார்கள், போன முறை ஒருத்தி "சேர், நீங்கள்தான்" என்றாள். எப்படியும் ஒரு பிள்ளை சலாகையைத் தூக்கிப் பார்க்கும். அந்தப் பிள்ளை தூக்கிப் பார்க்கும் வரை வாயைத் திறக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆனாலும். அதன் பிறகு குறுகிய முனையில் 750 கிராம் மணலைக் கட்டி, வெறும் சலாகையை மட்டமாக நிறுத்துங்கள். 0.75 × 20 = 15, சலாகையின் பங்கு ஈடாகிவிட்டது. இனி 4 கிலோவை ஏற்றினால் ஒரு கிலோவில்தான் எழும்பும்.

போர்டில் இருப்பவர்களுக்கு ஒழுங்காக ஓடுகிற டெமோ அலுத்துப்போயிருக்கும். பிழைத்த டெமோவை முகம் மாறாமல் கையாள்கிற ஆள் அவர்களுக்கு ஞாபகம் நிற்கிறார். ஆகவே எந்தச் செயற்பாட்டையும் வீட்டில் மூன்று தரம் செய்து பாருங்கள். எங்கே பிழைக்கும், எவ்வளவு பிழைக்கும், எந்தத் திசையில் பிழைக்கும் என்று எழுதி வையுங்கள். குறிப்பாக அந்தத் திசை. கூட வந்ததா, குறைய வந்ததா என்று பார்க்காமல் உராய்வின் மேல் பழி போட்டால் என் கதைதான்.

3. தும்புத்தடி: உங்கள் ஓபனிங்

வகுப்பில் பலசாலிகள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு தும்புத்தடியைக் குறுக்காகப் பிடித்து, தடிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கட்டும். கயிற்றின் ஒரு முனையை ஒரு தடியில் முடிந்து, இரண்டு தடிகளுக்கும் இடையே நாலைந்து தரம் போய்வரச் சுற்றி, மறுமுனையை வகுப்பிலேயே சின்னப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "தடியை விலத்திப் பிடியுங்கள், அவள் இழுக்கட்டும்." பெடியன்கள் பல்லைக் கடித்து நிற்பார்கள். தடிகள் நெருங்கிக்கொண்டே வரும்.

இது கப்பித் தொகுதி. ஒவ்வொரு தரம் கயிறு போய்வரும்போதும் இழுக்கிற இழைகள் கூடுகின்றன, எத்தனம் பகிரப்படுகிறது. ஆனால் அத்தோடு நிறுத்தினால் அது மஜிக் ஷோ. அடுத்த கேள்விதான் பாடம்: தடிகள் ஒரு சாண் நெருங்குவதற்கு அவள் எத்தனை சாண் கயிற்றை இழுத்தாள்? அளக்க விடுங்கள். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டியாக வேண்டும். பொறி வேலையைக் குறைப்பதில்லை, சுகமாக்குகிறது. சுமார் 1600இல் கலிலியோ இயந்திரவியல் பற்றி எழுதியபோது, பொறிகள் இயற்கையை ஏமாற்றுவதில்லை என்பதைத்தான் கவனமாக நிறுவினார். தரம் 8 பிள்ளை அதைத் தும்புத்தடியில் கண்டுபிடிக்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை: வழவழப்பான கயிறு வேண்டும், தும்புக் கயிறு தடியைப் பற்றிக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. தடிகள் முட்டுவதற்கு முன் "நிறுத்து" சொல்லுங்கள், விரல் நசியும்.

4. இலக்கம் இல்லாத செயற்பாடு செயற்பாடே அல்ல

மொடல் செய்து, வர்ணம் பூசி, கண்காட்சி மேசையில் வைத்து, அதிபர் ரிப்பன் வெட்டுவது வேறு. நான் சொல்வது அளவீடு. விற்றராசு ஒன்று போதும். பாடசாலையில் இல்லாவிட்டால் மணலும் ஒரு லீற்றர் போத்தலும் போதும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, உலகத்திலேயே மலிவான படிக்கல்.

அசையும் கப்பி ஒன்றை எடுங்கள். கணக்குப்படி 2 கிலோவை 1 கிலோவால் தூக்க வேண்டும். எங்கள் வகுப்பில் 1.3 ஆனது. இந்த முறை உண்மையிலேயே உராய்வும் கப்பியின் சொந்த நிறையும்தான். பொறிமுறை நயம் 2 ÷ 1.3, ஏறக்குறைய ஒன்றரை. வேக விகிதம் 2. ஒன்றை மற்றதால் பிரித்தால் வினைத்திறன் 77 சதவீதம். கப்பிக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இலக்கம் ஏறுவதைப் பார்த்த பிள்ளைக்கு வினைத்திறன் என்ற சொல்லை நீங்கள் பாடமாக்கத் தேவையில்லை.

நிலையான கப்பியில் எத்தனம் குறையவே குறையாது, திசை மட்டும்தான் மாறும். பிறகு ஏன் கிணற்றில் போட்டிருக்கிறார்கள்? மேலே இழுப்பதை விடக் கீழே இழுப்பது சுகம், உங்கள் உடம்பின் பாரமும் சேர்ந்து இழுக்கிறது. இந்தக் கேள்வியைப் போர்டில் கேட்பார்கள். தயாராக இருங்கள்.

இன்னொரு பொறிக் கேள்வி: தண்டு வலிப்பது எந்த வகை நெம்பு? போட்டில் கொழுவியிருக்கும் இடத்தைத் தாங்கலாக எடுத்தால் முதலாம் வகை. தண்ணீரை ஊன்றுகோலாக எடுத்துப் போட்டைத் தள்ளுவதாகப் பார்த்தால் இரண்டாம் வகை. எதைச் சுமை என்று எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி, இரண்டையும் படம் கீறிக் காட்டுங்கள். ஒரே பதிலை அடித்துச் சொன்னால் மாட்டுவீர்கள்.

5. "இது சோதனைக்கு வருமா?"

பெற்றோர் கேட்பார்கள். கேட்க உரிமை இருக்கிறது. கடலில் காய்கிற மனிதர் பிள்ளையின் ரியூஷனுக்குக் காசு கட்டுகிறார். அவரிடம் போய் "அனுபவக் கற்றல்" என்று லெக்சர் அடிக்காதீர்கள். ஒரு செயற்பாட்டுக்குப் பக்கத்தில், அதிலிருந்து வரக்கூடிய ஐந்து பரீட்சைக் கேள்விகளை எழுதிய ஒரு பக்கத் தாளை நீட்டுங்கள். விஷயம் முடிந்தது. ரியூஷன் மாஸ்டரோடு உங்களுக்குப் போட்டி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவரிடம் நோட்ஸ் இருக்கிறது. உங்களிடம் பிள்ளை கையால் எடுத்த அளவீடு இருக்க வேண்டும், அதோடு நோட்ஸும்.

சக ஆசிரியர்களும் புறுபுறுப்பார்கள். "புதுசா வந்தவர், படம் காட்டுறார்." காரணம் பெரும்பாலும் சத்தமும் மணலும்தான். உங்கள் வகுப்பு முடிந்ததும் தரையைக் கூட்டிவிட்டுப் போங்கள். தும்புத்தடி கையில்தானே இருக்கிறது.

6. காற்றாலையை விட்டுவிடாதீர்கள்

தாழ்வுபாட்டுப் பக்கம் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் தம்பபவனி காற்றாலைகள் தெரியும். தீவின் தென்கரை நெடுக 30 விசையாழிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. 2020 டிசம்பரில் திறந்தார்கள். சுழலியின் விட்டம் 126 மீற்றர்.

அந்த 126ஐக் கரும்பலகையில் எழுதிச் சுற்றளவைக் கணிக்கச் சொல்லுங்கள். 396 மீற்றர் வரும். இறக்கையின் நுனி ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், இல்ல விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றர் ஓடுகிற பிள்ளை மைதானத்தைச் சுற்றிவருகிற தூரத்தைக் கிட்டத்தட்டக் கடந்துவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பலாகச் சுற்றுகிறது என்று நினைத்த வகுப்பு, இந்த இடத்தில் யன்னலைத் திரும்பிப் பார்க்கும்.

இனிக் கேளுங்கள்: இது என்ன பொறி? சில்லும் அச்சாணியும். கிணற்றில் கைபிடியைச் சுற்றி அச்சைத் திருப்புகிறோம். இங்கே காற்று இறக்கையைத் தள்ளி அச்சைத் திருப்புகிறது. அச்சு மெதுவாக, ஆனால் பெரும் முறுக்குவிசையோடு சுழலும். உள்ளே இருக்கும் கியர் பெட்டி அந்த முறுக்கைக் கொடுத்து வேகத்தை வாங்கி ஜெனரேற்றருக்கு அனுப்புகிறது. சைக்கிளில் பெரிய பற்சில்லிலிருந்து சின்னச் சில்லுக்குச் செயின் போவது போல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சில்லு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணினால் அடுத்த பாடவேளையும் நிரம்பிவிடும்.

இந்தக் காற்றாலைகள் மன்னாரில் வெறும் பௌதிகம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிய கோபுரங்களுக்கு எதிராக 2025இல் மக்கள் வாரக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். மழைத் தண்ணீர் வடியாதது, மீன்பாடு, தீவின் மண் என்று அவர்களுக்குக் கேள்விகள் உண்டு. ஒரு பிள்ளை எழும்பி "சேர், இது எங்களுக்கு வேண்டாமாம்" என்றால் "அது பாடத்தில் இல்லை" என்று உட்கார வைக்காதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு விசையாழி எப்படி வேலை செய்கிறது என்பது மற்றவர்களை விடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

7. ரெக்கோர்ட் பண்ணாத வேலை யாருக்கும் தெரியாது

அடக்கம் நல்ல குணம். ட்ரான்ஸ்பர் போர்டும் புரமோஷன் போர்டும் அதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் ஒரே பக்கம்: என்ன பொருள், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன மாற்றம். நாலாவது கேள்வி இல்லாத பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். படம் எடுத்தால் கையும் பொறியும் மட்டும். பிள்ளையின் முகம் வேண்டுமென்றால் பெற்றோரின் எழுத்து அனுமதியோடு.

2007 கலைத்திட்ட மாற்றத்திலிருந்து ஐந்து படிக் கற்பித்தல் முறையை 5E, 5E என்று எல்லாரும் பாடக்குறிப்பில் எழுதுகிறார்கள். எழுதிய ஐந்தும் வகுப்பில் நடந்தது என்பதற்குச் சாட்சி வைத்திருப்பவர்கள் குறைவு. அந்த ஒரு பக்கம்தான் சாட்சி. பத்துப் பக்கம் சேர்ந்ததும் ஆசிரிய ஆலோசகரிடம் நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த செயலமர்வுக்கு வளவாளர் தேடும்போது அவருக்கு உங்கள் பெயர்தான் வாயில் வர வேண்டும்.

ஒரு செயற்பாட்டையாவது மூன்று நிமிடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகுங்கள். இலக்கணப் பிழை பரவாயில்லை, கையில் கயிறு இருக்கும்போது ஆட்கள் கயிற்றைத்தான் பார்ப்பார்கள். இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு நடத்தும் சஹசக் நிமவும் போட்டியில் பாடசாலைப் பிரிவு இருக்கிறது. அங்கே உங்கள் பிள்ளை ஒரு பொறியோடு போய் நின்றால், நடுவருக்கு விளக்கப் போவது அந்தப் பிள்ளை, அதைப் பழக்கியவர் நீங்கள்.

8. உங்களை விட முந்தியவர்களைப் படியுங்கள்

அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியியலாளர். 1978இல் லீவு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். அங்கே 1972இல் 16 பாடசாலைகளோடு தொடங்கிய ஹோசங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளோடு இருந்தார். சைக்கிள் வால்வ் ரியூப்பை வெட்டி, தீக்குச்சிகளை அதற்குள் செருகி, முக்கோணமும் கூரையும் கோபுரமும் கட்டக் காட்டினார். நல்ல வேலையை விட்டுக் குப்பையில் பொம்மை செய்கிறார் என்று அப்போது யாரும் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. 2018இல் பத்மஸ்ரீ. வால்வ் ரியூப்பும் தீக்குச்சியும் மன்னார் பஸாரிலும் கிடைக்கின்றன. தாழ்வுபாட்டில் கூடுதலாக அறுந்த வலைக் கயிறும் பழைய மிதவைக் கட்டையும் கிடைக்கும்.

அந்த ஹோசங்காபாத் திட்டத்தை 2002இல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நல்ல வேலை என்பதற்காக மட்டும் எதுவும் நிலைக்காது. மேலே இருப்பவர் மாறினால் உங்கள் பொறிகளை வைத்த பெட்டி அலுமாரிக்குப் பின்னால் போகும். ஆகவே ஏழாம் குறிப்பின் கொப்பி இரண்டு பிரதி. ஒன்று பாடசாலையில், ஒன்று உங்கள் பையில்.

9. பிள்ளையின் அடுத்த படியைத் தெரிந்து வையுங்கள்

கையால் செய்வதில் கெட்டிக்காரப் பிள்ளை பரீட்சையில் சுமாராக இருக்கலாம். அவனைப் பற்றி வீட்டில் கேட்கும்போது "பாவம், படிப்பு ஏறாது" என்று சொல்லும் ஆசிரியராக இருக்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. என்விகியூ எனும் தொழில் தகைமை என்றால் என்ன, எந்த மட்டத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு வழி தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும். அப்படியான ஆளின் வீட்டு வாசலுக்கு மீன் தானாக வரும். அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் பாரையும் சூடையும்.

10. நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு

தடி இரண்டு, கயிறு ஒன்று, நாடா அளவுகோல், சோக் மூன்று துண்டு. கயிற்றின் முனைகளைத் தணலில் உருக்கி விடுங்கள், இல்லாவிட்டால் மேசையிலேயே பிரியும். வீட்டில் இருக்கும் இரண்டு பேரைப் பிடித்துத் தடியைக் கொடுத்து ஒரு தரம் செய்து பாருங்கள். போர்டு அறையில் தடியைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். பரீட்சகர்களிடமே நீட்டுங்கள், "சேர், ரீச்சர், ஒருக்கால் இதைப் பிடிக்கிறீங்களா?" எழும்பி வருவார்கள். நீங்கள் கயிற்றின் முனையை இரண்டு விரலால் இழுக்கும்போது, காலையிலிருந்து ஃபைல் புரட்டிய கைகள் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது அவர்களிடம் கேளுங்கள்: எத்தனை சாண் இழுத்தேன்?